தக்காளி இலை ஏன் சுருள்கிறது?

மட்டாஞ்சேரியில் நம்மவர் குடியிருக்கும் தெருக்களில் மொட்டை மாடி உள்ள வீடு என்றால் அங்கே நாலு குரோ பேக்காவது இருக்கும். அவற்றில் ஒன்றில் தக்காளி கட்டாயம் இருக்கும். ஒட்டன்சத்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் லாரியில் வந்து இறங்கும் தக்காளியை நம்பித்தான் கொச்சி சமைக்கிறது. 2023 ஜூலையில் நாட்டின் பல நகரங்களில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, மத்திய அரசே கூட்டுறவு அமைப்புகள் மூலம் தில்லி முதலான இடங்களில் முதலில் 90 ரூபாய்க்கும், பிறகு 80, 70 என்று குறைத்தும் விற்க நேர்ந்தது. அவ்வாண்டு கோலார் வட்டாரத்தில் விளைச்சல் குறைந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இலைச்சுருள் நோயும் ஒன்று. அந்த விலையைப் பார்த்த பிறகு நம் மாடிகளில் தக்காளிச் செடிகள் பெருகின. கூடவே, சங்கக் கூட்டம் முடிந்து காபி குடிக்கும் நேரத்தில் என்னிடம் வரும் ஒரு கேள்வியும் பெருகியது: "இலையெல்லாம் சுருண்டு போச்சு ஸார், என்ன மருந்து அடிக்கலாம்?"

மருந்து என்பது இரண்டாவது கேள்வி. எதனால் சுருண்டது என்பதே முதல் கேள்வி. நான் வேளாண்மை படித்தவன் அல்லன்; டிப்ளமா முடித்து ரயில்வேயில் பெர்மனென்ட் வே பிரிவில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கோடையில் தண்டவாளம் நெளிந்திருந்தால் உடனே சுத்தியலை எடுக்கமாட்டோம். எந்த நேரத்தில் நெளிந்தது, வெயிலினாலா, ஜல்லி குறைவினாலா, முந்தின நாள் யாராவது ஸ்லீப்பரைக் கிளறினார்களா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. பார்வைக்கு எல்லா நெளிவும் ஒன்றுபோல இருக்கும். காரணம் வேறு வேறாக இருக்கும். தக்காளி இலையும் அப்படியே.

இலை ஏன் வளைய வேண்டும்? மிக எளிய கணக்குதான். இலைக்கு மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என இரண்டு தளங்கள் உண்டு. இரண்டும் ஒரே அளவில் நீண்டால் இலை தட்டையாக இருக்கும். ஒரு பக்கம் அதிகம் நீண்டால், நீளாத பக்கத்தை நோக்கி இலை வளையும். இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டிச் சூடாக்கினால் ஒரு பக்கமாக வளைகிறதே, இஸ்திரிப் பெட்டியின் தெர்மோஸ்டாட்டில் இருப்பது, அதே தத்துவம். வெயில், தண்ணீர், பூச்சியின் எச்சில், வைரஸ் ஆகிய எதுவும் இந்த இரண்டு தளங்களின் சமநிலையைக் கெடுக்க முடியும். ஆகவே சுருளல் ஒரு நோயின் பெயர் அன்று. காய்ச்சல் போன்ற ஓர் அடையாளம். எந்த இலை சுருண்டது, எந்தப் பக்கம் சுருண்டது, நிறம் மாறியதா, ஒரு செடியா எல்லாச் செடிகளுமா என்ற நான்கையும் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் பயப்பட வேண்டாத சுருளலைச் சொல்லிவிடுகிறேன். செடியின் அடிப்பகுதியிலுள்ள முதிர்ந்த இலைகள் ஓரங்கள் மேல்நோக்கி மடங்கி, குழல் போல உருண்டு, தொட்டால் தோல் போலத் தடிப்பாக இருக்கும். ஆனால் பச்சை நிறம் மாறாது. நுனிக் கொழுந்து நன்றாக விரிந்து வளர்ந்துகொண்டிருக்கும். இது நோயே இல்லை. கடும் வெயில், வேர் வாங்கித் தருவதைவிட அதிகமாக இலை நீரை இழப்பது, பக்கக் கிளைகளை ஒரேயடியாகக் கிள்ளியது, நாற்று மாற்றும்போது வேர் அறுந்தது, உரம் அளவுக்கு மிஞ்சியது ஆகியவை இதற்குக் காரணம். கிள்ளினால் ஏன் சுருள வேண்டும் என்று கேட்கலாம். இலை தயாரிக்கும் சர்க்கரையைச் செலவழிக்கும் வளரும் நுனிகளை நாம் வெட்டிவிடுகிறோம். போக இடமில்லாத சரக்கு இலையிலேயே தேங்கி இலை தடித்து மடங்குகிறது. கூட்ஸ் ஷெட்டில் வேகன் தேங்குவது போல! காய்ப்பு இதனால் பெரிதாகக் குறைவதில்லை.

சென்ற பிப்ரவரியில் எங்கள் அடுத்த தெருவில் ஒரு சகோதரியின் மாடிக்குப் போக நேர்ந்தது. கணவர் காலமான பிறகு நாற்று வளர்த்தும் பழம் விற்றும் கிடைக்கும் தொகையில் பேத்தியின் டியூஷன் கட்டணத்தைக் கட்டுகிறவர். 32 தக்காளிச் செடிகள், அப்போதுதான் பிஞ்சு பிடித்திருந்தன. யாரோ வந்து பார்த்துவிட்டு இது வைரஸ் என்று சொல்லிப் போயிருந்தார்கள். "எல்லாத்தையும் பிடுங்கி எரிக்கணும்னு சொல்றாங்க ஸார். இந்த வருஷத்துப் பாடே போச்சு" என்றார். "பிடுங்காதீங்கம்மா, முதல்ல ஒவ்வொண்ணா பார்ப்போம்" என்று உட்கார்ந்தோம். நாலு நாள் முன்பு எல்லாச் செடிகளிலும் பக்கக் கிளை கிள்ளியிருந்தார். பகல் வெயிலும் கடுமை. முப்பது செடிகளில் அடி இலை மட்டும் பச்சையாகவே உருண்டிருந்தது. இரண்டு செடிகள் மட்டும் வேறு மாதிரி: குட்டையாக, நுனி வெளிறி, கொழுந்து சிறுத்து. அந்த இரண்டை மட்டும் எடுத்தோம். பச்சை வலை கட்டி, காலை மாலை இரு வேளையும் அளவாகத் தண்ணீர் விட்டார். முப்பதும் காய்த்தன. முப்பதையும் பிடுங்கியிருந்தாலும் நஷ்டம், அந்த இரண்டையும் விட்டிருந்தாலும் நஷ்டம். அந்த இரண்டு செடிகளின் கதைக்குப் பிறகு வருகிறேன்.

கொச்சிக்கே உரிய ஒரு சுருளல் மழைக்காலத்தில் வரும். இலை மேல்நோக்கி அல்ல, கீழ்நோக்கி வளையும். சரியாகச் சொன்னால் இலைக்காம்பே கீழே சாய்ந்து, செடி குடையை மடக்கியது போல நிற்கும். ஆனால் இலையைத் தொட்டால் விறைப்பாக இருக்கும், வாடியிராது. குரோ பேக்கின் அடித் துளைகள் வேராலோ தென்னை நார்க் கழிவாலோ அடைபட்டு வேர் நீரில் மூழ்கியிருப்பதே காரணம். பிராணவாயு கிடைக்காத வேர் ஒரு பொருளை உண்டாக்கி மேலே அனுப்புகிறது. அது இலையை அடைந்ததும் எத்திலீன் வாயுவாக மாறுகிறது. பழத்தைப் பழுக்கவைக்கும் அதே எத்திலீன்தான். அது காம்பின் மேல்பக்கத்தை அதிகம் நீளச் செய்வதால் காம்பு கீழே வளைகிறது. வெள்ளத்தில் இருக்கும் வேர், மேலே உள்ள இலைக்குத் தந்தி அடிப்பது போன்ற இந்த ஏற்பாட்டை விஞ்ஞானிகள் தக்காளியில்தான் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். மருந்து எதுவும் வேண்டாம். ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரால் துளையைத் திறந்து, பையின் கீழே இரண்டு செங்கல் வைத்தால் போதும்.

காயலை ஒட்டிய வீடுகளில் கோடையில் கிணற்று நீர் உவர்க்கும். இலை ஓரம் கருகி உள்நோக்கி மடங்கினால் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். தக்காளி ஓரளவு உப்பைத் தாங்கும். மண் கரைசலின் மின்கடத்து திறன் மீட்டருக்கு 2.5 டெசிசீமன்ஸைத் தாண்டினால், அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும் என்பது வழக்கமான கணக்கு. மாடியில் பெய்த மழைநீரைப் பிடித்து வைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இனிப் பூச்சிகள். கொழுந்து இலை கீழ்நோக்கிக் கவிழ்ந்து, அடிப்பக்கம் எண்ணெய் தடவியது போல் பழுப்பாக மினுங்கினால் அது மஞ்சள் முரணைச் சிலந்தி. கண்ணுக்குத் தெரியாது, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேண்டும். மிளகாயில் இதை அறியாதவர் இல்லை. இங்கே மலையாள நண்பர்கள் 'முரடிப்பு' என்பது பெரும்பாலும் இதுவும் இலைப்பேனும் சேர்ந்து செய்யும் வேலை. மிளகாயில் இலைப்பேன் என்றால் இலை மேல்நோக்கிப் படகு போல் ஆகும், சிலந்தி என்றால் கீழ்நோக்கி. இதை நினைவில் வைத்தால் மருந்து மாறாது. சிலந்திக்கு நனையும் கந்தகத் தூள் கேட்கும், லிட்டருக்கு 2 கிராம், வெயில் தாழ்ந்த பிறகு. சாதாரணப் பூச்சி மருந்து சிலந்தியை ஒன்றும் செய்யாது, அதைத் தின்னும் நல்ல பூச்சிகளை மட்டும் கொன்றுவிடும். அசுவினி இருந்தால் எறும்பு வரிசை காட்டிக்கொடுக்கும்; தண்ணீரைப் பீய்ச்சினாலே பாதி போய்விடும்.

களைக்கொல்லியையும் மறக்கக்கூடாது. நெல் வயல்களில் அடிக்கும் 2,4-டி வகை மருந்தின் மிகச் சிறு துளி காற்றில் வந்தாலும் தக்காளி தாங்காது. இலை ஒடுங்கி, நரம்புகள் நெருங்கி, கொழுந்து கயிறு போல் முறுக்கிக்கொள்ளும். களைக்கொல்லி கலந்த அதே ஸ்பிரேயரை நன்றாகக் கழுவாமல் தக்காளிக்கு எடுத்தாலும் இதே விளைவு. களைக்கொல்லிக்குத் தனி ஸ்பிரேயர் வைத்துக்கொள்வதே உத்தமம்.

இப்போது அந்த இரண்டு செடிகள். உண்மையான இலைச்சுருள் நோய் கொழுந்தில் தொடங்கும், அடி இலையில் அல்ல. புது இலைகள் சிறுத்து, ஓரம் மேலும் உள்ளுமாகச் சுருண்டு, நரம்புகளுக்கு இடையில் மஞ்சளாகும். கணுக்கள் நெருங்கிச் செடி புதர் போலக் குட்டையாகும். பூக்கும், ஆனால் பூ உதிரும். நட்ட முதல் மாதத்துக்குள் பிடித்தால் அந்தச் செடியிலிருந்து அநேகமாக ஒன்றும் கிடைக்காது. காய் பிடித்த பிறகு வந்தால் ஓரளவு தேறும். நம் நாட்டில் இதைப் பற்றி 1948-லேயே வாசுதேவா, சாம் ராஜ் என்ற இரு விஞ்ஞானிகள் எழுதியிருக்கிறார்கள்.

இதற்குக் காரணம் ஜெமினி வகை வைரஸ். ஜெமினி என்றால் நம் தலைமுறைக்கு ஊதுகுழல் ஊதும் இரட்டைக் குழந்தைகளின் சினிமாச் சின்னம் நினைவுக்கு வரும். இங்கும் பெயர்க்காரணம் அதுவே: இரண்டு உருண்டைகள் ஒட்டிய இரட்டை வடிவம். ஒரு மில்லிமீட்டரை லட்சம் கூறாக்கி அதில் மூன்று கூறு எடுத்தால் அதன் நீளம். பெங்களூர், புதுதில்லி, கர்நாடகம், கேரளம் என்று ஊர்ப் பெயர்களைச் சூடிய பல வகைகள் இந்தியாவில் உண்டு. இலையின் மேல்தளம் எது, கீழ்த்தளம் எது என்று செடி வகுத்துக்கொள்ளும் ஏற்பாட்டிலேயே இந்த இன வைரஸ்கள் கை வைக்கின்றன என்பது ஆய்வில் தெரிந்திருக்கிறது. அதனால்தான் ஒருமுறை சுருண்ட கொழுந்து எந்த உரத்துக்கும் நிமிர்வதில்லை.

இந்த வைரஸுக்குக் கால் இல்லை. அதன் வண்டி வெள்ளை ஈ. 1889-இல் கிரேக்க நாட்டில் புகையிலைச் செடியிலிருந்து முதலில் விவரிக்கப்பட்ட இந்த ஈ சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். இலையின் அடிப்பக்கம் உட்கார்ந்து சாறு குடிக்கும். செடியைத் தட்டினால் சாம்பல் பறப்பது போல எழும்பும். நோயுள்ள செடியில் கால் மணி, அரை மணி நேரம் குடித்தாலே வைரஸ் அதன் உடலில் ஏறிவிடும். சில மணி நேரம் உள்ளே சுற்றி எச்சிலுக்கு வந்த பிறகு, அந்த ஈ பல நாட்கள், சில சமயம் ஆயுள் முழுவதும், போகும் இடமெல்லாம் நோயைக் கொடுக்கும். குத்திய இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் நமக்குச் சுருளல் தெரியும். ஆகவே இன்று மாடியில் நாம் பார்ப்பது இன்று நடந்தது அல்ல. பெரும்பாலும் நாற்றாங்காலிலேயே டிக்கெட் எடுத்து ஏறிவிட்ட விருந்தாளி. 1999-இல் கோலாரில் பி வகை என்று சொல்லப்படும் புதிய வெள்ளை ஈ இனம் பெருகி, தக்காளி வயல்களில் இலைச்சுருள் கடுமையாகத் தாக்கியது பதிவாகியிருக்கிறது. ஒரு ஈ எவ்வளவு குடித்தது என்பதைவிட எத்தனை ஈ இருந்தன என்பதே அங்கே வித்தியாசம்.

நம் ஊரில் ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்டுப் பிறகு கேரளம் முழுதும் பரவிய தென்னை வெள்ளை ஈ வேறு. ஓலையின் அடியில் வட்டம் வட்டமாக வெண்மை பூசி, கீழே உள்ள இலைகளில் கரிப்பூச்சு படியச் செய்வது அது. தக்காளிக்கு இந்த வைரஸைக் கொண்டுவருவது அது அன்று. வெண்டையின் மஞ்சள் நரம்பு நோயையும் கப்பையின் தேமல் நோயையும் பரப்புவது தக்காளியின் அதே வெள்ளை ஈ இனம்; வைரஸ்கள் மட்டும் தனித்தனி. எனவே மாடியில் வெண்டை மஞ்சளாகியிருந்தால், வண்டி ஏற்கெனவே ஊருக்குள் வந்துவிட்டது என்று பொருள்.

இன்னொன்று. போத்தனூருக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே டிராலியில் போகும்போது ஜல்லி ஓரத்தில் ஒரு செடி அடர்ந்திருக்கும். தென்னமெரிக்காவிலிருந்து வந்தது; ரயில் பாதையோடு பரவியதால் 'ரயில் பூண்டு' என்றே பெயர், எலி ஆமணக்கு என்றும் சொல்வார்கள். அதன் இலை நரம்புகள் பளீரென்று மஞ்சளாக இருப்பதைப் பல தடவை பார்த்து, ஏதோ அழகுச் செடி என்று எண்ணியதுண்டு. அதுவும் வெள்ளை ஈ கொண்டுவரும் இதே குடும்பத்து வைரஸ்தான் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். இம்மாதிரிக் களைகள் தக்காளி இல்லாத மாதங்களிலும் ஈக்கும் வைரஸுக்கும் சத்திரமாக இருக்கின்றன. வீட்டைச் சுற்றிக் களை எடுப்பது அழகுக்காக மட்டும் அல்ல.

வைரஸ் பிடித்த செடிக்கு மருந்து கிடையாது; கடைக்காரர் என்ன சொன்னாலும் கிடையாது. எடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் எடுக்கும் முறை உண்டு. அப்படியே பிடுங்கினால் அதிலுள்ள ஈக்கள் பக்கத்துச் செடிக்குப் பறந்துவிடும். விடியற்காலையில், ஈ சோம்பியிருக்கும் நேரம், பெரிய பிளாஸ்டிக் பையைச் செடியின் மேல் கவிழ்த்துக் கட்டிவிட்டு வேரோடு எடுங்கள். அதில் ஏற்கெனவே உள்ள காயைச் சமைக்கலாம். செடியின் வைரஸ் மனிதனுக்கு ஒன்றும் செய்யாது. மீதிச் செடிகளுக்கு 20 மில்லி வேப்பெண்ணெய், 20 கிராம் அரைத்து வடிகட்டிய பூண்டு, ஒரு சிறு துண்டு பார் சோப்பைக் கரைத்த வெந்நீர் ஆகியவற்றை ஒரு லிட்டராகச் சேர்த்து, வாரம் ஒருமுறை மாலையில் இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்கலாம். மேலே மட்டும் அடிப்பது பெட்டியின் கூரையைக் கழுவிவிட்டு உள்ளே சுத்தம் என்று எழுதுவது போல. மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் ஈ ஒட்டும். எத்தனை ஒட்டியது என்று வாரம்தோறும் எண்ணுவதே அதன் முக்கியப் பயன்.

கடும் விஷங்களை மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள். கேரள அரசு 2011-இல் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட 14 மருந்துகளைத் தடை செய்தது. எல்லைக்கு அப்பால் ஊருக்குப் போகும்போது வாங்கி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த மாடியில்தான் துணி உலர்த்துகிறோம், வடகம் போடுகிறோம், குழந்தைகள் விளையாடுகிறார்கள். அன்றியும், வெள்ளை ஈ பல மருந்துகளுக்குப் பழகிவிட்ட பூச்சி.

ரகத்தைப் பற்றி: ஊரிலிருந்து விதை கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 கொண்டுவருகிறார்கள். தேனிப் பக்கத்து அன்னஞ்சி உள்ளூர்த் தக்காளியிலிருந்து வந்த நல்ல ரகம். ஆனால் கொச்சியின் புளிப்பு மண்ணில் பாக்டீரியா வாடல் நோயில் சாய்ந்துவிடும். அதற்காகக் கேரள வேளாண் பல்கலைக்கழகம் சக்தி, அனகா போன்ற ரகங்களை வெளியிட்டது. அவை வாடலுக்காக உருவானவை, இலைச்சுருளுக்காக அல்ல. வாடலையும் இலைச்சுருளையும் சேர்த்துத் தாங்கும்படி பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அர்க்கா ரக்ஷக் வீரிய ஒட்டு ரகம், அதன் பழத்திலிருந்து எடுத்த விதையை மறுபடி நடக்கூடாது. இலைச்சுருளைத் தாங்கும் குணத்தின் ஒரு மூலம் ஹரியாணா வேளாண் பல்கலைக்கழகத்தில் காட்டுத் தக்காளியோடு இனம் சேர்த்து உருவாக்கிய எச்-24. அதிலிருந்து வந்த மரபணுவை உலகெங்கும் தக்காளி இனப்பெருக்கத்தில் பயன்படுத்துகிறார்கள். தாங்கும் என்றால் நோயே வராது என்று பொருள் அல்ல. வந்தாலும் காய்க்கும் என்றே பொருள்.

இங்கே நடவுக்கு ஏற்றது துலாவர்ஷம் ஓயும் சமயம். விதையைப் புரட்டாசிக் கடைசியில் போட்டால் சரியாக இருக்கும். மண்ணில் இரண்டு வாரம் முன்பே சுண்ணாம்பு கலந்து வையுங்கள். நாற்று நான்கு வாரம் வளரும் வரை பெட்டியை வலையால் மூடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய காவல். கொசு வலை போதாது, ஈ நுழைந்துவிடும். அங்குலத்துக்கு 40 முதல் 50 கண் உள்ள நைலான் வலை கேளுங்கள். ஒரு மீட்டர் வலை இரண்டு நாற்றுப் பெட்டிக்கு வரும். தண்ணீர் விடத் திறந்ததும் மறக்காமல் மூட வேண்டும்.